பலூன் உப்புது, சக்கரம் சுத்த மாட்டேங்குது

கேள்வி: அங்கிள், நான் கோத்தகிரி பக்கத்துல பிளஸ் ஒன் படிக்கிறேன், பேரு போட வேணாம். ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு ஸ்டிர்லிங் இன்ஜின், அதாவது உள்ள அடைச்ச காத்து சூட்டுல விரிஞ்சு குளிர்ல சுருங்கி ஓடுற இன்ஜின் செஞ்சிருக்கேன். கூல் ட்ரிங்க்ஸ் டின், உள்ள பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரை சுருட்டி டிஸ்ப்ளேசர் (காத்தை மேலயும் கீழயும் மாத்தித் தள்ளுற உருளை), பக்கத்துல ஒண்ணரை இன்ச் பிவிசி எல்போல பலூன், சைக்கிள் ஸ்போக்ல கிராங்க், மூணு பழைய சிடி ஃப்ளைவீல். டிஸ்ப்ளேசரை தூண்டில் நரம்புல தொங்க விட்டிருக்கேன், நரம்பு போற ஓட்டையில வழுக்குறதுக்கு தேங்காய் எண்ணெய் விட்டேன். கீழ ரெண்டு மெழுகுவத்தி வச்சா பலூன் உப்பி அப்படியே நிக்குது. கையால சுத்தி விட்டா ரெண்டு மூணு சுத்து வந்து நின்னுடுது. மதியம் வெயில்ல வச்சா கொஞ்சம் நல்லா சுத்துது. எங்க ஃபிசிக்ஸ் சார், மலை மேல காத்து கம்மி, அதனாலதான் ஓடலைங்கிறாரு. இது இங்க ஓடவே ஓடாதா?

பதில்:

ஓடும் கண்ணு. கோத்தகிரியிலயும் ஓடும், ஊட்டியிலயும் ஓடும், தொட்டபெட்டா உச்சியில கொண்டு போய் வச்சாலும் ஓடும், என்ன, அங்க காத்து மெழுகுவத்தியை அணைச்சுட்டே இருக்கும். நீ அனுப்புன போட்டோவையும் அளவு எழுதுன பேப்பரையும் பார்த்தேன், வேலை சுத்தமாதான் பண்ணியிருக்க, எல்போவை டின்னோட மேல் பக்கமா, அதாவது குளிர்ந்த பக்கமா வச்சது ரொம்ப சரி, நிறைய பேர் அதை அடியில நெருப்புக்குப் பக்கத்துல வச்சு பிவிசியை இளக விட்டுடுவாங்க. ஆனா உன் இன்ஜின்ல மூணு விஷயம் இடிக்குது. அதுல ஒண்ணை நீயே உன் லெட்டர்ல எழுதியிருக்க, உனக்கே தெரியாம.

முதல்ல உங்க சார் சொன்னதைப் பார்த்துடுவோம், ஏன்னா அது பொய் இல்ல. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம், அங்க காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்குறதுல சுமார் 80 சதவீதம்தான், ஊட்டின்னா இன்னும் கொஞ்சம் கம்மி. இந்த மாதிரி இன்ஜினோட பவர் உள்ள இருக்குற காத்தோட அழுத்தத்தைப் பொறுத்துதான் வரும், அதனால சென்னையில ஒருத்தர் ஓட்டுற அதே இன்ஜின் உங்க ஊர்ல அஞ்சுல ஒரு பங்கு பவர் கம்மியாதான் கொடுக்கும். அவ்வளவுதான், கம்மியா கொடுக்கும், கொடுக்காமப் போகாது. பலூனுக்கு உள்ள இருக்குறதும் கோத்தகிரி காத்துதான், வெளிய இருக்குறதும் கோத்தகிரி காத்துதான், ரெண்டு பக்கமும் சமமா இருக்கும்போது உயரம் பலூனைப் பிடிச்சு நிறுத்தாது. இன்னொண்ணு, இந்த இன்ஜின் சூடுல ஓடல, சூட்டுக்கும் குளிருக்கும் நடுவுல இருக்குற வித்தியாசத்துலதான் ஓடுது. சென்னையில மேல் பக்கம் அவ்வளவா குளிராது, உனக்கு காலையில 15 டிகிரி தண்ணி குழாய்லயே வருது. உயரம் எடுத்துக்கிட்டதுல கொஞ்சத்தை குளிர் திருப்பிக் கொடுத்துடுது, முழுசா இல்ல, கொஞ்சம். அதனால சார்கிட்ட போய் நீங்க சொன்னது தப்புன்னு சண்டை போடாத, நீங்க சொன்னது பவர் குறையறதுக்கு ஒரு காரணம்தான், ஆனா இன்ஜின் நிக்குறது அதனால இல்லன்னு பக்குவமா சொல்லு.

இப்ப அந்த லெட்டர் விஷயம். மதியம் வெயில்ல வச்சா நல்லா சுத்துதுன்னு எழுதியிருக்க. நீ அதை வெயில் சூடு இன்ஜினுக்கு உதவுதுன்னு எடுத்துக்கிட்ட போல, ஆனா யோசிச்சுப் பாரு, வெயில் பட்டா டின்னோட மேல் பக்கமும்தான் சூடாகும், வித்தியாசம் குறையும், இன்ஜின் இன்னும் மோசமாதான் ஓடணும். அப்புறம் ஏன் நல்லா ஓடுது? தேங்காய் எண்ணெய்! உங்க வீட்டுல தேங்காய் எண்ணெய் பாட்டிலை காலையில பார்த்திருப்பல்ல, மெழுகு மாதிரி வெள்ளையா உறைஞ்சு கிடக்கும், அடுப்பு பக்கத்துல வச்சாதான் இளகும். 24, 25 டிகிரிக்கு கீழ போனாலே உறைய ஆரம்பிச்சுடும் அது. நரம்பு போற அந்த ஊசி ஓட்டையில நீ விட்ட எண்ணெய் காலையிலயும் சாயங்காலமும் டின் மேல் பக்கம் சூடேறுற வரைக்கும் உறைஞ்சு நரம்பைப் பிடிச்சுக்குது, மதியம் வெயில்ல இளகி விடுது. சமவெளியில இருக்குறவங்க வீடியோவுல தேங்காய் எண்ணெய் விட்டுக் காட்டுனா அவங்களுக்கு அது சரியாதான் வேலை செய்யும், நமக்கு மலையில ஆகாது. இங்க தேயிலை ஃபேக்டரிக்கு மெஷின் வேலைக்குப் போனா இதே கதைதான், கீழ கோயமுத்தூர்ல பாட்டு பாடிட்டு ஓடுற கிரீஸ் இங்க டிசம்பர் காலையில கெட்டியாகி மோட்டார் திணறும், நாங்க சன்னமான ஆயிலா பார்த்துதான் போடுவோம்.

உன் இன்ஜின்ல அந்த நரம்பு கீழ இறங்குறதுக்கு ஒரே காரணம் ஸ்டீல் நாரோட எடைதான், நரம்பால இழுக்கத்தான் முடியும் தள்ள முடியாது பாரு, அதனால கிராங்க் கீழ வரும்போது டிஸ்ப்ளேசர் தானா விழணும். உறைஞ்ச எண்ணெய் பிடிச்சா அது பாதியில தொங்கும், நரம்பு தொளதொளன்னு மடங்கும், கிராங்க் மட்டும் சுத்தி வந்து வெட்டியா திரும்ப மேல போகும். நீ அடுத்த தடவை சுத்தும்போது நரம்பைப் பாரு, கீழ வர்றப்ப மடங்குதுன்னா நான் சொன்னது ஊர்ஜிதம்.

அந்த எண்ணெயை முழுசா எடு. வீட்டுல நீலகிரி தைலம் இல்லாம இருக்காது, ஒரு துணி நுனியில தொட்டு நரம்பையும் ஓட்டையையும் துடைச்சா பிசுபிசுப்பு போயிடும், ஆனா அதை பலூன் பக்கம் கொண்டு போகாத, ரப்பரைக் கெடுத்துடும். எண்ணெயும் அப்படித்தான், பலூன் மேல எந்த எண்ணெய் பட்டாலும் ரெண்டு நாள்ல நைஞ்சு ஓட்டை விழும். துடைச்சதுக்கு அப்புறம் எதுவுமே விடாம ஒரு தடவை பாரு, நைலான் நரம்பு எம்-சீல் ஓட்டையில காய்ஞ்சே நல்லா வழுக்கும். போதலைன்னா 6பி பென்சில் முனையை சுரண்டி அந்தப் பொடியை நரம்புல தேய், இல்ல தையல் மெஷின் ஆயில் ஒரு சொட்டு, சொட்டு கூட வேணாம், ஊசி முனையில தொட்டு வை.

ரெண்டாவது விஷயம் உன் அளவுகள். இதுதான் பெரிய தப்பு, எண்ணெயை விடப் பெருசு, கொஞ்சம் நிதானமா படி. டிஸ்ப்ளேசர் ஸ்ட்ரோக், அதாவது அது மேல கீழ போற தூரம், 1 சென்டிமீட்டர், பலூன் ஸ்ட்ரோக் 2.5 சென்டிமீட்டர்னு எழுதியிருக்க. பலூன்தானே சக்கரத்தைத் தள்ளுது, அது நிறைய தூரம் போனா நிறைய பவர் வரும்னு நினைச்சிருப்ப. நியாயமாதான் தோணும், ஆனா தலைகீழ். பலூனுக்கு பவர் எங்கிருந்து வருது? உள்ள இருக்குற காத்து சூடாகி விரியறதுல இருந்து. எவ்வளவு காத்து சூடாகுது? டிஸ்ப்ளேசர் எவ்வளவு காத்தை மேல இருந்து கீழ தள்ளுதோ அவ்வளவு. உன் டின்னோட உள் விட்டம் 6.6 சென்டிமீட்டர், அப்ப குறுக்குப் பரப்பு சுமார் 34 சதுர சென்டிமீட்டர், ஸ்ட்ரோக் 1 சென்டிமீட்டர்னா ஒரு தடவைக்கு 34 சிசி (கன சென்டிமீட்டர்) காத்துதான் இடம் மாறுது. அது 20 டிகிரியில இருந்து 170 டிகிரிக்குப் போகுதுன்னு தாராளமாவே வச்சுக்குவோம், கெல்வின்ல 293, 443, ஒண்ணரை மடங்கு, அப்ப 34 சிசி 51 சிசி ஆகும், கூடுதலா கிடைக்கிறது 17 சிசி. அதுவும் துளி சூடு வீணாகாம, துளி காத்து கசியாம இருந்தா. உன் பலூன் என்ன கேக்குதுன்னு பார். ஒண்ணரை இன்ச் எல்போ வாய், 2.5 சென்டிமீட்டர் ஏத்த இறக்கம், பலூன் நடுவுல மட்டும்தான் முழுசா எழும்பும் ஓரத்துல எழும்பாது, அதையெல்லாம் கழிச்சாலும் 24 சிசி பக்கம் வரும். 17 சிசி சம்பளம், 24 சிசி செலவு. எங்க ஓடும்?

அதை விட, டின் உள் உயரம் 10 சென்டிமீட்டர், ஸ்டீல் நார் உருளை 5 சென்டிமீட்டர்தான்னு போட்டிருக்க. 1 சென்டிமீட்டர் ஸ்ட்ரோக் போக மிச்சம் 4 சென்டிமீட்டர் காத்து எந்த வேலையும் செய்யாம சும்மா உக்காந்திருக்கு. சும்மா இருந்தா கூட பரவாயில்ல, கீழ அழுத்தம் ஏறும்போது இந்தக் காத்து அமுங்கிக் கொடுத்து அந்த அழுத்தத்தைத் தின்னுடும். அதனால நார் உருளையை 7 சென்டிமீட்டர் உயரத்துக்கு சுருட்டு, டிஸ்ப்ளேசர் ஸ்ட்ரோக்கை 2.5 ஆக்கு, மேலயும் கீழயும் ரெண்டு மூணு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தா போதும், டின் அளவு கச்சிதமா முடிஞ்சுடும். பலூன் ஸ்ட்ரோக்கை 1 சென்டிமீட்டருக்கு குறை. இப்ப கணக்குப் போட்டுப் பாரு, 85 சிசி இடம் மாறுது, கூடுதலா 40 சிசிக்கு மேல கிடைக்கலாம், பலூன் கேக்குறது 10 சிசிக்குள்ள. பாதிக்குப் பாதி வீணானாலும் மிச்சம் கையில நிக்கும். ஒரு விஷயம், ஸ்போக்கை வளைக்கும்போது கிராங்க் வளைவோட உயரம் ஸ்ட்ரோக்ல பாதிதான், 2.5 சென்டிமீட்டர் ஸ்ட்ரோக்குக்கு 12.5 மில்லிமீட்டர் வளைவு, பலூனுக்கு 5 மில்லிமீட்டர் வளைவு, இதுல குழப்பிக்கிட்டு ரெண்டு மடங்கா வளைச்சுட்டு டிஸ்ப்ளேசர் மேல மூடியில முட்டுதுன்னு வர்றவங்க நிறைய.

பலூன் தள்ளுற அளவு சின்னதா, டிஸ்ப்ளேசர் நகர்த்துற அளவு பெருசா இருக்கணும், வெப்ப வித்தியாசம் குறையக் குறைய இந்த இடைவெளி இன்னும் பெருசாகணும். ஜாக்ரெப் பல்கலைக்கழகத்துல இவோ கோலின்னு ஒரு பேராசிரியர் இருந்தார், அவர் 1983-ல வெறும் சுடுதண்ணி சூட்டுல ஓடுற ஸ்டிர்லிங் இன்ஜினை ஓட்டிக் காட்டுனார், அதுல டிஸ்ப்ளேசர் பெரிய தட்டு மாதிரி இருக்கும், தள்ளுற பக்கம் அதுக்கு சம்பந்தமே இல்லாத அளவுக்கு சின்னதா இருக்கும். உன்னுது நெருப்புல ஓடுறது, அந்த அளவுக்கு போக வேண்டாம், ஆனா திசை அதுதான்.

மூணாவது, பலூனைக் கட்டியிருக்குற விதம். போட்டோவுலயே தெரியுது, தவில் தோல் மாதிரி இழுத்துக் கட்டியிருக்க. அப்படிக் கட்டுனா பலூன் ஸ்பிரிங் ஆயிடும், மேல போகவும் மல்லுக்கட்டும் கீழ வரவும் மல்லுக்கட்டும், வர்ற பவர் எல்லாம் ரப்பரை நீட்டுறதுலயே போயிடும். தொளதொளன்னு கட்டு, நடுவுல விரலை வச்சா எதிர்ப்பே இல்லாம ஒரு சென்டிமீட்டர் உள்ள போகணும், ஒரு சென்டிமீட்டர் வெளிய வரணும். நடுவுல ரெண்டு பக்கமும் சின்ன பிளாஸ்டிக் வட்டம் வச்சு ஸ்க்ரூ போடு, பாட்டில் மூடியை வெட்டிக்கலாம். கொஞ்சம் லூஸா இருக்குறதால ஒண்ணும் குடி முழுகிடாது.

இந்த மூணையும் மாத்திட்டு உடனே மெழுகுவத்தியை ஏத்தாத, அவசரப்படாத. இந்த இன்ஜின்ல முக்கால்வாசி கோளாறை நெருப்பே இல்லாம கண்டுபிடிச்சுடலாம், நெருப்பை ஏத்திட்டா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும், எது காரணம்னு தெரியாம ஒரே நேரத்துல நாலை மாத்துவோம், அப்புறம் ஓடுனாலும் ஏன் ஓடுச்சுன்னு தெரியாது. எக்ஸிபிஷன்ல ஜட்ஜ் கேக்குறது அதைத்தான்.

நரம்பையும் பலூன் கம்பியையும் கிராங்க்ல இருந்து கழட்டு. வெறும் ஷாஃப்டும், அதாவது அந்த ஸ்போக்கும், சிடியும் மட்டும். லேசா ஒரு தட்டு தட்டி விடு. நல்லா நேரம் எடுத்து சுத்திட்டு மெதுவா நிக்கணும், ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல நிக்கணும். சட்டுனு நின்னா உரசல் இருக்கு. உன் ஷாஃப்ட் டின் தகட்டுல குத்துன ஓட்டையில நேரா உக்காந்திருக்கு, அந்தத் தகட்டு விளிம்பு ஸ்போக்கைக் கடிக்கும், அதுக்கு புஷ், அதாவது ஷாஃப்ட் உள்ள உக்காந்து சுத்துற சின்னக் குழல் வேணும், கடையில போய் தேடாத, எலக்ட்ரிகல் கனெக்டர் உள்ள பித்தளைத் துண்டு இருக்குமே, ஸ்க்ரூவைக் கழட்டிட்டு அதை ரெண்டு பக்கமும் எம்-சீல் வச்சு ஒட்டு, சைக்கிள் ஸ்போக் 2 மில்லிமீட்டர், அதுல ஆட்டத்தோட நுழையற சைஸ் கனெக்டர் கேட்டு வாங்கு. கச்சிதமா இருக்கணும்னு நினைக்காத, கொஞ்சம் ஆட்டம் இருந்தாதான் கையால வளைச்ச ஷாஃப்ட் ஜாம் ஆகாம சுத்தும். புஷ் ரெண்டும் ஒரே நேர்க்கோட்டுல இருக்கணும், எம்-சீல் காயறதுக்கு முன்னாடி வளைக்காத நேர் ஸ்போக் ஒண்ணை ரெண்டுலயும் நுழைச்சு வச்சு காய விட்டா தானா நேரா நிக்கும்.

வளைச்ச ஸ்போக்கோட ரெண்டு முனையும் ஒரே நேர்க்கோட்டுல இருக்கான்னும் பார்த்துக்கோ, ரெண்டு முனையையும் விரல் நகத்து மேல வச்சு உருட்டுனா எந்த முனை துள்ளுதுன்னு தெரிஞ்சுடும். சிடி லேசா ஆடுறதைப் பத்தி கவலைப்படாத, பார்க்க அசிங்கமா இருக்கும், ஓடும்.

அது சரியானதும் டிஸ்ப்ளேசரை மட்டும் மாட்டு. கையால சுத்தும்போது காதை டின் பக்கத்துல வச்சுக் கேளு, சரக் சரக்குனு சத்தம் வந்தா நாரோட இழை சுவத்துல உரசுது. ஸ்க்ரப்பர் நார் சுருட்ட சுருட்ட பிதுங்கிட்டே இருக்கும், கத்தரிக்கோலால ஓரத்தை எல்லாம் வெட்டி விடு, சுத்தி ஒண்ணரை மில்லிமீட்டர் இடைவெளி வர்ற மாதிரி உருட்டு. நடுவுல ஒரு மெல்லிய கம்பி விட்டு மேலயும் கீழயும் மடக்கி விட்டா உருளை சாயாம தொங்கும். அந்த ஸ்டீல் நாரை நீ சும்மா கிடைச்சதுன்னு போட்டிருப்ப, ஆனா அது நல்ல யோசனை, ஏன்னா காத்து அதுக்குள்ள பூந்து போகும்போது சூட்டை நார்ல விட்டுட்டுப் போகும், திரும்பி வரும்போது எடுத்துக்கும், வீணாகுற சூடு குறையும். ராபர்ட் ஸ்டிர்லிங் 1816-ல பேட்டன்ட் எடுத்ததுல முக்கியமான சங்கதியே இந்த சூட்டைச் சேமிக்கிற ஐடியாதான். அவரு இன்ஜினியர் கூட இல்ல, ஸ்காட்லாந்துல சர்ச் பாதிரியார், அப்ப அவருக்கு வயசு 25. ரெண்டு வருஷத்துல அங்க ஒரு கல் குவாரியில தண்ணி இறைக்க அவரோட இன்ஜினை ஓட்டுனாங்க. ஜட்ஜ்கிட்ட இதைச் சொல்லு, நாரைக் காட்டி சொல்லு.

டிஸ்ப்ளேசரை மாட்டுனதும் சக்கரம் எப்பவும் ஒரே இடத்துல வந்து நிக்கும், நார் கீழ இழுக்குது இல்ல, அதுக்கு எதிர்ப்பக்கம் சிடியில நட்டோ வாஷரோ செல்லோடேப் போட்டு ஒட்டு. எடையை முழுசா சமன் பண்ணப் பார்க்காத, நார் தானா விழணும்னு சொன்னேனே, ஒரு பாதி அளவுக்கு சமன் பண்ணு போதும்.

அடுத்தது கசிவு. இதுல நீ தேவைக்கு மேல பயந்திருக்க, நரம்பு ஓட்டையை இறுக்கமா வச்சதே அதனாலதான். உங்க ஊர்ப் பிள்ளைங்களுக்கு இன்ஜின்னா மேட்டுப்பாளையம் ரயில் ஸ்டீம் இன்ஜின்தான் கண்ணுல நிக்கும், குன்னூர் ஷெட்ல போய் நின்னு பாரு, எக்ஸ் கிளாஸ் இன்ஜின் நாலு சிலிண்டர், எங்க பார்த்தாலும் புஸ்ஸு புஸ்ஸுனு ஆவி போயிட்டே இருக்கும், ஆனா மலையேறும். ஏன்னா அதுக்கு பாய்லர்ல இருந்து புதுசு புதுசா ஆவி வருது, கொஞ்சம் போனாலும், கொஞ்சம் உரசுனாலும் அமுக்கித் தள்ளிடும். உன் இன்ஜினுக்கு அந்த வசதி இல்ல, உள்ள இருக்குற அதே காத்துதான் திரும்பத் திரும்ப, வர்ற தள்ளு விரலால தொட்டா நிக்குற அளவுதான், அதனால உரசல் அதுக்கு கசிவை விடப் பெரிய எதிரி. டின்னுக்குள்ள காத்தை லேசா ஊதி பலூனை உப்ப வை, ஷாம்பு நுரையை ஜாயின்ட்ல எல்லாம் தடவு, எல்போ ஒட்டுன இடத்துல, மூடி ஒட்டுன இடத்துல குமிழ் வந்தா அடைக்கணும். நரம்பு ஓட்டையில சின்னதா குமிழ் வந்தா விட்டுடு. உப்புன பலூன் அஞ்சு ஆறு செகண்ட் எடுத்து வாடுனா போதும், இன்ஜின் ஓடுறப்ப ஒரு சுத்துக்கு அரை செகண்ட் பக்கம்தான் ஆகும், அதுக்குள்ள எவ்வளவு போயிடப் போகுது. ஒரே செகண்ட்ல வாடுதுன்னாதான் பிரச்சனை. அடைக்கும்போது டின் அடிப்பக்கம் எம்-சீலோ அரால்டைட்டோ வைக்காத, சூட்டுல விட்டுடும், ஆட்டோமொபைல் கடையில சிவப்பு கலர் சிலிகான் கேஸ்கட் பேஸ்ட் கிடைக்கும், அது சூடு தாங்கும், ஒரு நாள் முழுசா காய விடு.

இப்ப நெருப்பு, வீட்டுல பெரியவங்க யாராவது பக்கத்துல இருக்கட்டும். பலூன் கம்பியை இன்னும் கிராங்க்ல மாட்டாத, நரம்பையும் திரும்பக் கழட்டி கையில பிடிச்சுக்கோ. ரெண்டு மூணு நிமிஷம் சூடாகட்டும். பலூன் உப்பும், உப்பி நிக்கும், நீ இதைப் பார்த்துட்டுதான் பயந்திருக்க. உள்ள இருக்குற மொத்தக் காத்தும் சூடாகி விரிஞ்சிருக்கு, அது எப்பவும் இருக்குற உப்பல், சக்கரத்தைச் சுத்துறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, சொல்லப் போனா அது பலூனை ஒரே பக்கம் தள்ளிப் பிடிச்சு கிராங்கைக் கீழ வர விடாது. அதை வெளிய விடணும். எல்போல ஒரு குண்டூசி ஓட்டை போட்டு இன்சுலேஷன் டேப்பால மூடி வை, சூடானதும் டேப்பைத் தூக்கி புஸ்ஸுனு விட்டுட்டு பலூன் நடு நிலைக்கு வந்ததும் திரும்ப ஒட்டு.

அப்புறம் நரம்பை மேல இழு, பலூன் மேல வரணும். விடு, பலூன் கீழ போகணும். நார் மேல போனா காத்து கீழ சூட்டுக்கு வருது, விரியுது, நார் கீழ போனா காத்து மேல குளிருக்குப் போகுது, சுருங்குது, இவ்வளவுதான் மொத்த இன்ஜினும். பலூன் இப்படி மூச்சு விட்டா மிச்சம் எல்லாம் இரும்பு வேலை, கண்டிப்பா ஓட வச்சுடலாம். மூச்சு விடலைன்னா கிராங்கை மாட்டியே பிரயோஜனம் இல்ல, கசிவையோ சூட்டையோ திரும்பப் பாரு. சூட்டைப் பொறுத்தவரை, மெழுகுவத்தி ரெண்டு பத்தலாம், பத்தாம இருக்கலாம், அதோட கரி டின் அடியில படிஞ்சு சூட்டை மறைக்கும், அப்பப்ப துடைக்கணும். சுத்தி ஒரு தகடு மறைப்பு வை, உங்க ஊர்க் காத்துக்கு சுடர் நேரா நின்னாலே பெருசு. ஸ்பிரிட் விளக்கு நல்ல சூடு தரும், ஆனா பகல் வெளிச்சத்துல அந்தச் சுடர் கண்ணுக்கே தெரியாது, எரியும்போது மேல ஸ்பிரிட் ஊத்தக் கூடாது, ஸ்கூல் லேப்ல சார் இருக்கும்போது மட்டும் அதைப் பண்ணு.

குளிர் பக்கத்தை நீ கண்டுக்கவே இல்ல போல, போட்டோவுல மேல ஒண்ணுமே இல்ல. அலுமினிய டின் சூட்டை மடமடன்னு மேல ஏத்திடும், அஞ்சு நிமிஷத்துல மேல் பக்கமும் கை வைக்க முடியாத சூடாயிடும், அப்புறம் வித்தியாசம் எங்க இருக்கு. மேல் பாதியைச் சுத்தி ஈரத்துணி கட்டி அப்பப்ப பச்சத்தண்ணி விடு. இரும்பு டின் கிடைச்சா அதுக்கு மாத்துனா இன்னும் நல்லது, இரும்பு அலுமினியம் அளவுக்கு சூடு கடத்தாது, ஆனா எக்ஸிபிஷனுக்கு முன்னாடி அதை ஆரம்பிக்காத.

கடைசியா ரெண்டையும் கிராங்க்ல மாட்டு. ரெண்டு வளைவும் கால் சுத்து, 90 டிகிரி தள்ளி இருக்கணும், உன் போட்டோவுல கோணம் சரியா தெரியல, நீயே பார்த்துக்கோ. டிஸ்ப்ளேசர் முன்னாடி போகும், பலூன் கால் சுத்து பின்னாடி வரும். ஷாஃப்ட் முனைக்கு நேரா உக்காந்து பாரு, டிஸ்ப்ளேசர் வளைவு கடிகாரத்துல 12 மணியில நிக்கும்போது பலூன் வளைவு 9 மணியில இருந்தா இன்ஜின் கடிகாரம் சுத்துற பக்கம்தான் ஓடும், 3 மணியில இருந்தா எதிர்ப்பக்கம்தான் ஓடும். தப்பான பக்கம் நாள் முழுக்க தட்டி விட்டாலும் உனக்குக் கிடைக்கிறது அந்த ரெண்டு மூணு சுத்துதான். நீ எந்தப் பக்கம் சுத்தி விட்டன்னு லெட்டர்ல எழுதல, எனக்கு அதுலயும் ஒரு சந்தேகம் இருக்கு.

ஓட ஆரம்பிச்சா நிமிஷத்துக்கு நூறு இருநூறு சுத்து வந்தாலே இந்த சைஸுக்கு நல்ல ஓட்டம், வீடியோல வேகமா ஓடுறதைப் பார்த்து ஏங்காத. எக்ஸிபிஷன் அன்னைக்கு பலூன்ல வெட்டுன துண்டு நாலஞ்சு எக்ஸ்ட்ரா கொண்டு போ, ஜட்ஜ் வர்றதுக்கு முன்னாடியே சூடு பண்ணி டேப் வழியா ஒரு தடவை விட்டுத் தயாரா வச்சுக்கோ, பக்கெட்ல பச்சத்தண்ணியும் துணியும் மேஜைக்கு அடியில இருக்கட்டும், ஜன்னல் பக்கத்து மேஜை கொடுத்தா வாங்காத. நெருப்பை அணைச்சதும் அந்த டேப்பைத் திறந்து விட மறக்காத, மூடியே விட்டா ஆறும்போது உள்ள காத்து சுருங்கி பலூனை எல்போக்குள்ள இழுத்துக் கிழிச்சுடும். ஓடலைன்னா நரம்பை இழுத்தப்ப பலூன் என்ன பண்ணுச்சுன்னு மட்டும் எழுது, மத்ததை அதை வச்சே சொல்லிடலாம்.